தொண்டும் தேநீரும்

எமது கல்லூரியின் மாணவர் சேவைக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியராகும் வாய்ப்பு எம்மை வந்தடைந்தது எமது தகுதி நோக்கி அன்று. அப்பொறுப்பை அதுவரை வகித்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். ஆசிரியர் கூட்டத்திலே, "இனி யார் ஏற்பீர்கள்?" என்று அதிபரவர்கள் வினவியபோது ஏனையோர் யாவரும் நிலத்தை நோக்கினர், நாம் மட்டும் விவரமறியாது அதிபரை நோக்கினோம். அவ்வளவே. அன்று தொட்டுக் கழகத்தின் வரவுப் பதிவேடும், கூட்டக் குறிப்பேடும், துருப்பிடித்த ஆறு மண்வெட்டிகளும் எமது பராமரிப்பில் இருந்து வருகின்றன.

மாணவர் தொண்டு என்றவுடன் நேயர்களின் உள்ளத்தில் எழும் காட்சியை நாம் அறிவோம். வெள்ளுடை அணிந்த பிள்ளைகள் விளக்குமாறு ஏந்தி வரிசையாக நிற்பர். நடுவிலே அதிபரும் பிரமுகர் ஒருவரும் நிற்பர். சில நாட்களில் பத்திரிகையில் படம் வெளிவரும். அத்தகைய படங்களை நாமும் எடுப்பித்திருக்கின்றோம். அவற்றைப் பழிப்பது எமது கருத்தன்று. படத்துக்காக வந்த பிள்ளையும் அன்றைக்கு ஒரு கடகம் குப்பையாவது அள்ளிவிட்டே வீடு செல்கின்றான்.

ஆயினும் பிள்ளைகளை வரச் செய்வது இலகுவான காரியமன்று. இக்காலத்து உயர்தர வகுப்பு மாணவனுக்கு ஓய்வு என்பதொன்று இல்லை. பகலிற் பாடசாலை, மாலையில் தனியார் கல்வி நிலையம், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அங்கும் வகுப்பு. பல்கலைக்கழகப் பிரவேசத்தை இசட் புள்ளி தீர்மானிக்கும் ஒரு நாட்டிலே, 'சனிக்கிழமை காலையில் வாய்க்கால் துப்புரவாக்க வா' என்று அழைக்கும் ஆசிரியனைத் தாய்தந்தையர் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆதலின் எமக்கு முன்னிருந்தோர் ஓர் உபாயம் கண்டிருந்தனர். அதுவே சான்றிதழ். எடுத்த வேலையின் எல்லா நாட்களும் தவறாது வந்தவருக்குச் சான்றிதழ் உண்டு. ஒரு நாள் தவறினும் இல்லை. பிற்காலத்தில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் வேளையிலே அத்தாள் உதவும் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. அது நியாயமான விதி என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சைவப் பிள்ளைகளுக்குத் தொண்டின் பெருமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உழவாரப்படையைத் தோளில் ஏந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல் செருக்கிய திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவம் இல்லாத கோயில் அரிது. 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டிய காலத்திலே கஞ்சித்தொட்டி வைத்துப் பசி தீர்த்த ஆறுமுக நாவலரை அறியாத மாணவனும் இலன். 1912 இல் இந்நாட்டில் வேரூன்றிய சாரணியமும் எமது கல்லூரிகளில் நன்கு தழைத்த ஒன்றே. இவையெல்லாம் பரிசளிப்பு விழாக்களில் நாம் ஆண்டுதோறும் எடுத்துரைப்பன. எடுத்துரைப்பது எளிது.

2017 ஆம் ஆண்டிலே இந்நாடு அதுகாறும் கண்டிராத அளவு டெங்கு நோய் பரவிற்று. ஏறத்தாழ 186,000 பேர் நோய்வாய்ப்பட்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெற்கிலும் மேற்கிலும் ஆடி மாதத்தில் உச்சம் கண்ட அந்நோய், வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் எமது குடாநாட்டைக் கார்த்திகை மார்கழியிலேயே அதிகம் தாக்கும். எனவே கார்த்திகை பிறந்தவுடன் எமது கழகம் மூன்று நாள் வேலை ஒன்றை வகுத்தது. முதல் நாள் கல்லூரி வளவு. இரண்டாம் நாள் கல்லூரியைச் சூழவுள்ள வீதிகள். மூன்றாம் நாள், கல்லூரிக்கு ஒரு மைல் தொலைவில் குளக்கரையை அண்டியிருந்த குடியிருப்பு ஒன்று.

அக்குடியிருப்பின் பெயரை ஈண்டு எழுதப் போவதில்லை. பதினேழு வீடுகள். அவ்வீட்டார் பரம்பரையாக என்ன தொழில் செய்தோர் என்பதும் எழுத வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வாசகர் ஊகித்தறிவர்.

டெங்கு நுளம்பின் இயல்பை நாம் மாணவர்க்கு முன்னரே விளக்கியிருந்தோம். அது சாக்கடையிற் பிறப்பதன்று. சிரட்டையிலும், யோகட் கோப்பையிலும், கழித்த ரயரிலும், சீமெந்துத் தொட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரையே அது நாடும். முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். நீரைக் கொட்டிவிட்டால் முட்டை அழிந்ததென்று எண்ணுவது பிழை. உலர்ந்த சுவரில் மாதக்கணக்காய்க் கிடந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும் வன்மை அதற்கு உண்டு. ஆகவே தொட்டியைத் தேங்காய்த் தும்பு கொண்டு உரஞ்சிக் கழுவுதல் வேண்டும். இவ்வளவும் மாணவர் அறிந்திருந்தனர். அவர்களில் நன்கறிந்தவன் கழகத்தின் செயலாளன்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவிற் பயின்றான். அதிகம் பேசான். முதல் நாள் வந்தோர் அனைவரும் படமெடுக்கும்வரை நின்றனர்; அவன் படமெடுக்கும் வேளையில் மலசலகூடத்தின் பின்புறத்து நீர்த்தாங்கியை உரஞ்சிக் கொண்டிருந்தான். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவன் வரவில்லை.

அன்று நாற்பத்து மூன்று பிள்ளைகள் வந்தனர். கையுறையும் முகக்கவசமும் அணிந்திருந்தனர். அவை ஒரு நலன்விரும்பி அன்பளிப்புச் செய்தவை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் உடன் வந்தார். நாம் ஒழுங்கையால் இறங்கியபோது வீடுதோறும் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தமை கண்டு, வேலை குறைந்தது என மகிழ்ந்தோமேயன்றி, இவர்கள் நாம் வருவதை அறிந்து விடியுமுன் எழுந்து கூட்டியிருக்கிறார்கள் என்று சிந்தித்தோமில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு படலையாகத் திறந்து உட்சென்றனர். கோடிப்புறங்களில் கிடந்த சிரட்டைகளை எடுத்துச் சாக்கில் இட்டனர். ஒரு மாணவன் சமையற் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துவிட்டான். அது குடிநீர் என்று உள்ளிருந்த பெண் கூறிய பின்னரே அறிந்தான்.

கடைசி வீட்டிலே முதியவர் ஒருவரும் அவருடைய மகளும் நின்றனர். திண்ணையில் ஒரு பெரிய பானை நிறையத் தேநீர். பக்கத்திலே கழுவிக் கவிழ்த்த பேணிகளும் குவளைகளும். அயல் வீடுகளில் இரவல் வாங்கியவையாதல் வேண்டும். ஒன்று போல் ஒன்று இருக்கவில்லை. "பிள்ளையள் களைச்சுப் போனாங்கள், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும் மாஸ்ரர்" என்றார் அம்மூதாட்டி. நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொன்றரைக்கு மாணவர்களைக் கல்லூரிக்குத் திருப்பி அழைத்து வருவதாக அதிபருக்கு வாக்களித்திருந்தோம். அங்கே பணிசும் குளிர்பானமும் ஆயத்தமாயிருந்தன. "நேரமில்லை ஆச்சி, இன்னொரு நாளைக்கு" என்று புன்முறுவலுடன் கூறிவிட்டுப் புறப்பட்டோம். பிள்ளைகள் தம் போத்தல்களிலிருந்து தண்ணீர் குடித்தபடியே ஒழுங்கையில் நடந்தனர்.

மறு வெள்ளிக்கிழமைக் காலைப் பிரார்த்தனையின் பின் சான்றிதழுக்கு உரியோரின் பெயர்களை நாம் மேடையில் வாசித்தோம். வாசித்து முடித்து, அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினோமில்லை. "கழகத்தின் செயலாளரே மூன்றாம் நாள் வரவில்லை. வழிகாட்ட வேண்டியவர் வேலை கடுமையாயிருந்த நாளில் ஒளிந்துகொண்டால் ஏனையோர் என் செய்வர்?" என்று கூறினோம். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே செம்மையினாற் கோடிட்டிருந்ததையும் உயர்த்திக் காட்டினோம் என்று நினைவு. அவன் மூன்றாம் வரிசையிலே நின்றான். தலைகுனியவில்லை. எம்மையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று இடைவேளையில் ஒரு மாணவன் எமது மேசைக்கு வந்து, அங்குமிங்கும் பார்த்து, தாழ்ந்த குரலில், "சேர், கடைசியாய்ப் போன வீடு அவன்ர வீடெல்லோ" என்றான்.

கூட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று நாள் வேலையைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் செயலாளன் அல்லவா? 'மூன்றாம் நாள்' என்பதன் எதிரே குடியிருப்பின் பெயர் அவனுடைய கையெழுத்தில் இருந்தது. அவனுக்கு நிமிர்ந்த, தெளிவான எழுத்து. அந்த ஒரு வரி மட்டும் கோணியிருக்கின்றதா என்று உற்று நோக்கினோம். கோணவில்லை.

வீட்டுக்குச் சென்று மனைவியாரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எங்கட வீட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் நாற்பது பேர் வந்து, குசினிக்குள்ள எட்டிப் பார்த்து, வாளியைக் கவிட்டு, போட்ட தேத்தண்ணியையும் குடியாமல் போனால் நீங்கள் என்ன செய்வியள்?" என்றார். பின்பு, "அதுவும் தேத்தண்ணி" என்றார். அதன்மேல் ஒன்றும் கூறவில்லை.

தேநீரின் பொருளை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. இக்குடாநாட்டில் ஒருவர் வீட்டில் நீர் அருந்துவதும் அருந்தாமையும் எதற்கு அளவுகோலாயிருந்தன என்பதை நாற்பது வயது கடந்த எவரும் அறிவர். தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் புறம்பான பேணியும் போத்தலும் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து 1950களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1957 இல் அத்தகைய பாகுபாட்டைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. கடைகளிற் பேணி ஒன்றாயிற்று. வீடுகளில் 'இப்பொழுதுதான் குடித்தோம்', 'நேரமில்லை' என்னும் நாகரிகமான சொற்கள் எஞ்சின. எமக்கு அன்று உண்மையாகவே நேரமில்லை. ஆனால் அத்திண்ணையில் நின்ற முதியவருக்கு அந்தச் சொல்லை அதற்கு முன் எத்தனை பேர் எத்தனை முறை கூறியிருப்பார்கள்!

இதில் எமக்கு மன்னிப்பில்லாதது ஒன்றுண்டு. இப்பாடத்தை நாம் ஒருமுறை கற்றிருந்தோம். 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது நாம் பல்கலைக்கழக மாணவராயிருந்தோம். வடமராட்சி கிழக்கில் ஒரு நலன்புரி நிலையத்திலே தொண்டராகச் சென்றோம். பாரவண்டிகளில் வந்திறங்கிய உடுப்பு மலைபோற் குவிந்து மழையில் நனைந்தது. அதிற் பெரும்பகுதி அம்மக்கள் உடுக்கும் வகையன்று. எமது கையிலிருந்த பட்டியலை வாசித்து, என்ன வேண்டும் என்று வினவாமலே பொதிகளை நீட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் பொதியை வாங்காமல், "தம்பி, ஒரு சீப்பு இருக்குமோ? பிள்ளையின்ர தலை சடைபிடிச்சுப் போச்சு" என்று கேட்டார். சீப்பு எங்கள் பட்டியலில் இல்லை. இருபத்து நான்கு வயதில் அது நெஞ்சில் தைத்தது. பதின்மூன்று ஆண்டுகளில், பொறுப்பாசிரியர் என்னும் பட்டமும் பதிவேடும் வந்த பின், மறந்து போயிற்று.

மறுநாள் மாலை தனியே அவ்வொழுங்கையில் இறங்கினோம். அவன் வீட்டில் இல்லை. ஆச்சி இருந்தார். வாங்கு ஒன்றைத் துடைத்து வைத்தார். நாம் சொல்ல எண்ணிச் சென்ற சொற்கள் எவையும் வாய்க்கு வரவில்லை. "ஆச்சி, அண்டைக்குத் தந்த தேத்தண்ணியைக் குடிக்க வந்தனான்" என்று மட்டும் கூறினோம். அவர் சிரித்தார். "அது ஆறிப்போச்சுது. வேறை போடுறன்" என்றார். தேநீர் கொதிக்கும்வரை அடுப்படியில் இருந்தபடியே பேசினார். பேச்சு எம்மைப்பற்றியோ பேரனைப்பற்றியோ அன்று. வெள்ளவாய்க்காலைப்பற்றியது. வீதியை உயர்த்தியபோது அதன் கீழிருந்த மதகு மண்மூடிப் போயிற்றாம். முன்பு ஒழுங்கை வெள்ளம் மதகினூடாகக் குளத்துக்கு இறங்கும். அதன்பின் மார்கழி தோறும் வீட்டுக்குள் ஏறுகின்றதாம். சொல்ல வேண்டிய இடத்திற் சொல்லியும் வருவாரில்லையாம். "சிரட்டை பொறுக்கினது நல்லதுதான் மாஸ்ரர். ஆனால் எங்களுக்குச் சிரட்டையில்லை, வாய்க்கால்" என்றார்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை என்பதை மாணவர் ஐந்தாம் வகுப்பிலேயே கற்பர். சுண்ணாம்புக் கற்பாறைமேல் அமைந்த இந்நிலத்தில் மழைநீர் குளங்களிலும் கேணிகளிலும் தங்கி, மெல்லக் கீழிறங்கியே கிணறுகளை வாழ வைக்கின்றது. வாய்க்கால் அடைபட்டால் வீட்டுக்குள் வெள்ளம், குளத்துக்கு நீரில்லை, வைகாசியில் கிணற்றில் உவர். இவ்வளவும் புவியியற் பாடத்தில் உண்டு. ஓர் ஒழுங்கையின் மதகு எங்கே என்பது மட்டும் பாடத்தில் இல்லை. அது ஆச்சிக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை அவனை அழைத்தோம். பதிவேட்டில் அவன் பெயர்மீதிருந்த செங்கோட்டை அழிக்க விரும்பினோம். ஆயின் பாடசாலைப் பதிவேடுகளில் அழித்தெழுதுதல் ஆகாது, வெட்டிச் சுருக்கொப்பம் இடுதலே முறை. அவ்வாறே அவன் கண்முன் செய்தோம். வெள்ளிக்கிழமை மேடையில் எமது பிழையைக் கூறப்போவதாகவும் சொன்னோம். அதுவரை மௌனமாயிருந்தவன் அப்பொழுதுதான் பேசினான்.

"வேண்டாம் சேர். ஏன் வரேல்லை எண்டும் சொல்ல வேண்டி வரும். பிறகு எல்லாருக்கும் தெரிஞ்சுபோம்."

எமது மன்னிப்பும் அவனுக்கு இன்னொரு பாரமாகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆகவே அப்பிழை மேடையிற் கூறப்படாமலே போயிற்று. தொடர்ந்த பத்து மாதங்களும் அவன் கழகக் கூட்டங்களுக்கு வந்தான், குறிப்பு எழுதினான், எம்முடன் வேண்டியதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

அந்நாட்களிலே நாம் அடிக்கடி நினைந்தது கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின அவர்களைத்தான். 2024 சித்திரையில் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் சர்வோதய இயக்கத்தின் பெருமையை விரிவாக எழுதின. ஆனால் அவ்வியக்கத்தின் முதல் விதை ஒரு மாணவர் தொண்டுதான். 1958 மார்கழியிலே அவர் தம் மாணவரையும் சக ஆசிரியர் சிலரையும் குருநாகல் பகுதியில் கனத்தொளுவை என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சிங்களச் சமூகத்தில் மிகத் தாழ்ந்தோராக ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர் அது. மாணவர் அங்கே தங்கினர். அவ்வூராருடன் சேர்ந்து உழைத்தனர். அதுவே நம் நாட்டில் சிரமதானம் என்னும் சொல்லைப் பரப்பிய இயக்கத்தின் தொடக்கமாயிற்று. நாமோ காலை எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத் திரும்பினோம். இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டு வழங்கினோம். குடாநாட்டு ஆசிரியர் ஒருவருக்கு இந்த ஒப்பீடு உவப்பானதன்று. உவப்பானதா என்று பார்த்து உண்மைகள் அமைவதில்லை.

2018 ஆவணியில் உயர்தரப் பரீட்சை நடந்தது. அது முடிந்த மறுநாள் அவன் எமது வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தி இறங்கினான். மனைவியார் தேநீர் கொடுத்தார், குடித்தான். பின்பு கேட்டான்: "சேர், மழைக்கு முன்னம் எங்கட வாய்க்காலை வெட்டலாமெண்டு ஊரில கதைச்சிருக்கினம். கழகப் பெடியளும் வருவினமோ?"

'எங்கட' என்றான். கழகத்துப் பிள்ளைகளுக்கும் தானே சொல்வதாகக் கூறினான். அடுத்த கூட்டத்தில் அவன் எழுந்து நின்று, குளக்கரைக் குடியிருப்பின் பெயரைக் கூறி, "அது என்ர ஊர்" என்று தொடங்கினான். பின்வரிசையில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நாம் கண்டோம். அவனும் கண்டான். நிறுத்தாமல், எத்தனை மண்வெட்டி வேண்டும், எத்தனை அலவாங்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனான்.

புரட்டாதியிலே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. சான்றிதழ் என்று நாம் அறிவிக்கவில்லை. பதிவேட்டையும் கொண்டு செல்லவில்லை. இருபத்தாறு பேர் வந்தனர். வீதிக்குப் பொறுப்பானோரின் அனுமதியைக் கிராம அலுவலர் பெற்றுத் தந்தார். அன்று மேற்பார்வை எம்முடையதன்று. எழுபது வயதைக் கடந்த ஒருவர் தடி ஒன்றை ஊன்றி நடந்து, "இதில வெட்டு, இதில வெட்டாதை, அதில கல் இருக்கு" என்று காட்டிக்கொண்டு வந்தார். எமது மாணவர் மண்வெட்டி பிடித்த அழகைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். நண்பகலுக்குள் எமது உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள். எட்டடி நீளத்துக்கு மண்ணை அகழ்ந்த பின் மதகின் கல் தட்டுப்பட்டது. அலவாங்கு கல்லில் மோதிய ஓசை கேட்டு ஒழுங்கை முழுவதும் ஓடி வந்தது.

மதிய உணவு ஆச்சியின் முற்றத்தில். குரக்கன் புட்டும், சம்பலும், முருங்கையிலைக் கறியும். "புட்டுக்கு மண் சுமந்தவரைப்போலப் பிரம்படி வாங்காமல் வேலை செய்யுங்கோ பிள்ளையள்" என்றார் ஆச்சி. சோமசுந்தரக் கடவுள் வந்திக்கிழவியின் கூலியாளாய் வந்த கதையைச் சைவ சமயப் பாடத்தில் நாம் எத்தனையோ முறை கற்பித்திருக்கின்றோம். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கொருவர் வரவேண்டுமென்பது அரசனின் கட்டளை. வர ஆளில்லாத கிழவிக்குப் புட்டைக் கூலியாகப் பெற்று இறைவன் மண் சுமந்தான். வேலையிற் கள்ளமிட்டு அடியும் வாங்கினான். அக்கதையில் கட்டளையிட்டு வேலை வாங்கியவன் அரசன் என்பதும், அரசனின் இடத்திலே பதிவேட்டுடன் நின்றவர் எவர் என்பதும், புட்டைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எமக்கு உறைத்தது. பிள்ளைகள் யாவரும் உண்டனர். ஒருவன் மட்டும் வயிற்று வலி என்றான். அவனை நாம் ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் பசி பொறுக்காது அவனும் இரண்டு பிடி வாங்கி உண்டதை ஆச்சியே எம்மிடம் கண்சாடையாற் காட்டினார்.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். மறு வாரம் பெற்றார் ஒருவர் எம்மைக் காண வந்தார். பிள்ளையைப் படிக்கவே அனுப்பியதாகவும் மண் சுமக்க அன்று என்றும் கூறினார். அதற்கு விடை எம்மிடம் இருந்தது. பின்பு குரலைத் தாழ்த்தி, "சாப்பாடும் அங்கையாமே" என்றார். அதற்கும் எம்மிடம் விடை இருந்தது. ஆனால் அவர் விடைக்காகக் கேட்கவில்லை. அவருடைய மகன் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பின்பு கழகத்துக்கும் வரவில்லை. வீதியிற் காணும்போது எமக்கு வணக்கம் கூறுவான். அவ்வளவு.

அவ்வாண்டு மார்கழியில் வன்னியில் பெருவெள்ளம் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. எமது பக்கம் அத்துணை மழையில்லை. ஆயினும் ஓர் இரவு விடிய விடியக் கொட்டிற்று. காலையிலே குளக்கரைக்குச் சென்றோம். மதகினூடாகச் செந்நிற வெள்ளம் சுழித்துக்கொண்டு குளத்துக்கு இறங்கிற்று. ஒழுங்கையில் கணுக்காலளவு சேறு இருந்தது. வீடுகளுக்குள் நீர் ஏறவில்லை. ஒரு வீட்டைத் தவிர. அது மிகத் தாழ்ந்த நிலம். மதகின் மேலே குடையின்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் எமது கல்லூரிப் பிள்ளைகள் எவர், ஊர்ப் பிள்ளைகள் எவர் என்று நனைந்த நிலையில் எமக்குத் தெரியவில்லை. கிளிநொச்சிக்கு உலர் உணவு கொண்டு செல்ல வேண்டுமென்று அவர்களே தீர்மானித்திருந்தனர். அங்குள்ள பாடசாலை ஆசிரியர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசி, என்ன தேவை என்று கேட்டுத் தருமாறு எம்மிடம் வேண்டினர். கேட்டோம். அரிசி வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் பாய்களும் வேண்டும் என்றார் அவ்வாசிரியர்.

அவனுடைய பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குச் சிறிதளவிற் போதாதிருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர விண்ணப்பிக்க வேண்டி, கழகத்தின் சான்றிதழுக்காக 2019 தை மாதத்தில் ஒரு நாள் வந்தான். நாம் அதனை முன்னரே தட்டச்சுச் செய்வித்துக் கையொப்பமிட்டு வைத்திருந்தோம். 'பின்தங்கிய குடியிருப்பொன்றின் முன்னேற்றத்துக்காகத் தன்னலமற்ற சேவையாற்றினார்' என்பது அதன் நடுவரி. நல்ல தமிழென்று நாமே வியந்து எழுதிய வரி.

அவன் இருமுறை வாசித்தான். "சேர், இதில ஒரு வசனம் மாத்தலாமோ?" என்றான்.

எந்த வசனம் என்று அவன் விரல் காட்டுமுன்னே எமக்கு விளங்கிற்று. எழுதுவினைஞர் மதிய உணவுக்குச் சென்றிருந்தமையால் நாமே தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தோம். எமக்கு ஒரு விரலாலேயே தட்டத் தெரியும். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். 'தமது ஊரின் வெள்ளவாய்க்காலைத் திருத்தும் வேலையில் ஊரவருடனும் சக மாணவருடனும் சேர்ந்து உழைத்தார்.' கையொப்பமிட்டுக் கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தோம். மை உலரும்வரை தாளை விரித்துப் பிடித்திருந்தான்; பின்பு இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஆச்சி எம்மையும் வீட்டாரையும் தைப்பொங்கலுக்கு வரச்சொன்னதாகக் கூறிவிட்டுச் சைக்கிளில் ஏறினான்.

இதனை எழுத அவனுடைய இசைவைக் கேட்டே எழுதுகின்றோம். ஊரின் பெயரையும் எழுதலாம் என்றான், தயங்கியது நாமே. பழைய சான்றிதழ் எமது மேசை இழுப்பறையிலே, பதிவேட்டின் அடியில் இருக்கின்றது.